சேதாரத்தில் ஜெயித்தேன், பழைய நகையில் தோற்றேன்

தங்கை மகளின் காதணி விழாவுக்குத் தாய்மாமன் சீராக நான்கு பவுனில் சங்கிலி எடுப்பதற்காக, சென்ற மாதம் திருமங்கலத்திலிருந்து அம்மாவை அழைத்துக்கொண்டு மதுரை தெற்காவணி மூல வீதிக்குப் போயிருந்தேன். அம்மாவின் நான்கு வளையல்களில் இரண்டை, அதாவது 24 கிராமை, கொடுத்து மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

32 கிராம் சங்கிலிக்கு விற்பனையாளர் 16 சதவீதம் சேதாரம் சொன்னார். நான் 10 கேட்டேன். முதலாளியிடம் கேட்டு வருவதாக இருமுறை உள்ளே போனவர், இரண்டாம் முறை கையில் மோருடன் திரும்பி, "அம்மா முகத்துக்காக 11" என்று முடித்தார். ஐந்து சதவீதம் என்றால் 1.6 கிராம் தங்கம். அந்தப் பெருமிதத்தோடுதான் வளையல்களை எடுத்து நீட்டினேன்.

அவற்றை உள்ளே கொண்டுபோய், உரைகல்லில் உரசியதில் 84 டச்தான், அதாவது நூற்றுக்கு 84 பங்கு தங்கம்தான், வந்ததாகச் சொன்னார்கள். 916 தரத்துக்கு, அதாவது 91.6 சதவீதத் தங்கத்துக்கு, கணக்கிட்டால் 22 கிராம்; உருக்குச் சேதாரம் என்று இன்னும் ஒரு கிராமைக் கழித்து 21 என்றார்கள். ஹால்மார்க் இல்லாத பழைய நகை என்பதால் மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இல்லை. சங்கிலிக்குப் பேரம் படிந்து, மோரையும் குடித்துவிட்ட பிறகு எழுந்து போகக் கூச்சமாகவும் இருந்தது.

ஒரு வாரம் கழித்து, மீதி இரண்டு வளையல்களை ஹால்மார்க் சோதனை மையத்தில் இயந்திரத்தில் வைத்துப் பார்த்தபோது திரையில் 91.4 என்று வந்தது. நான்கையும் ஒரே பத்தர் ஒரே கட்டியிலிருந்து செய்து கொடுத்தது அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. நகையை ஒட்டவைக்கும் பொடிப்பற்றுக்கென்று கொஞ்சம் கழிப்பது எங்கும் உள்ளதுதான், ஆனால் 1.6 கிராமுக்கு ஒரு மணி நேரம் வாதாடிய நான், ஏறக்குறைய மூன்று கிராமை வாய் திறக்காமல் விட்டிருக்கிறேன்.

புதுச் சங்கிலியில் குறையே இல்லை. 2023 ஏப்ரலில் கட்டாயமான, ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும் ஆறிலக்க எச்.யு.ஐ.டி. குறியீட்டை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. அந்தப் பாதுகாப்பு நாம் வாங்கும் நகைக்குத்தான். நாம் கொடுக்கும் முத்திரையில்லாத நகைக்குக் கிடையாது. ஆகவே, பழையதை மாற்றப் போகிறவர்கள் முன்கூட்டியே தரம் பார்த்துச் சீட்டு வாங்கிக்கொண்டு, புது நகையைக் கையில் எடுப்பதற்கு முன்பே பழையதற்கு எத்தனை கிராம் என்பதைத் தனியாகப் பேசி முடித்துவிடுங்கள். சோதனையும் உங்கள் கண்ணெதிரே நடக்கட்டும்.

சோதனைச் சீட்டோடு கடைக்குத் திரும்பிப் போனேன். வளையல்களை அன்றைக்கே உருக்கிவிட்டார்களாம். ரசீதில் 24 கிராமும் இல்லை, 84 டச்சும் இல்லை; "பழைய தங்கம் 21.000" என்று மட்டும் இருக்கிறது, அதன் கீழே என் கையெழுத்து.