தினம் 40 கிலோமீட்டர்: ஸ்ப்ளெண்டரா, ஷைனா, பிளாட்டினாவா, ஸ்போர்ட்டா?

வேலைக்குப் போக 20 கி.மீ., வர 20 கி.மீ. ஷோரூம் விலை 80,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இப்படித் தேடினால் கடைசியில் நான்கு வண்டிகள் மிஞ்சும்: ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ், ஹோண்டா ஷைன் 100, பஜாஜ் பிளாட்டினா 100, டிவிஎஸ் ஸ்போர்ட்.

எல்லோரும் முதலில் கேட்பது மைலேஜ்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 26 நாள் ஓட்டினால் 1,040 கி.மீ. லிட்டருக்கு 65 கொடுக்கும் வண்டி 16 லிட்டர் குடிக்கும், 60 கொடுப்பது 17.3 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 130 ரூபாய்தான் வித்தியாசம். டயரில் காற்றைக் குறைத்து ஓட்டினாலோ, செயினைக் காயவிட்டாலோ இதே அளவு போய்விடும். ஆகவே ‘அதைவிட இது 5 கி.மீ. கூடுதல்’ என்பதற்காக மட்டும் எந்த வண்டியையும் எடுக்காதீர்கள். எந்த ரோட்டில் ஓட்டுகிறீர்கள், பின்னால் ஆள் ஏறுமா, உங்கள் உயரம் என்ன என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தினமும் டபுள்ஸ் போகிறவர்கள் முதலில் டிவிஎஸ் ஸ்போர்ட்டை ஓட்டிப் பாருங்கள். 109.7 சிசி இன்ஜின், 8.7 நியூட்டன் மீட்டர் இழுவை. எண்ணைவிட அது எங்கே கிடைக்கிறது என்பதுதான் முக்கியம்: ஸ்போர்ட்டில் 4,500 ஆர்பிஎம்மிலேயே (இன்ஜின் நிமிடத்துக்கு 4,500 சுற்று சுற்றும்போதே) முழு இழுவையும் வந்துவிடுகிறது. ஸ்ப்ளெண்டரில் 8.05, அதுவும் 6,000 ஆர்பிஎம்மில். இரண்டு பேரோடு மேம்பாலம் ஏறும்போது முன்னால் ஒரு லாரி மெதுவாகப் போனால் வித்தியாசம் உடனே தெரியும். ஸ்ப்ளெண்டரில் ஒரு கியர் குறைத்து ஆக்சிலரேட்டரை முறுக்க வேண்டியிருக்கும், ஸ்போர்ட் பெரும்பாலும் அதே கியரில் இழுத்துக்கொண்டு போகும். நான்கில் ஆரம்ப விலை குறைந்ததும் இதுதான்.

பிளாட்டினாவின் பலம் சீட்டும் சஸ்பென்ஷனும். நீளமான, மெத்தென்ற சீட். குண்டும் குழியுமான ரோட்டில் இடுப்பு தப்பிக்கும். முதுகுவலி உள்ளவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். டேங்க் 11 லிட்டர், நான்கில் பெரியது. சிக்கல் உயரம். சீட் 807 மி.மீ., எடை 117 கிலோ. ஐந்தேகால் அடி உயரக்காரர் சிக்னலில் ஒரு பக்கம் சாய்த்து நுனிக்காலில் நிற்க வேண்டியிருக்கும். தினமும் இருபது சிக்னல் என்றால் அது சின்ன விஷயமில்லை.

ஷைன் 100 இதற்கு நேர் எதிர். எடை 99 கிலோ, சீட் 786 மி.மீ. ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் நெருக்கி நிறுத்திய வண்டியைப் பின்னால் இழுக்கிறவர்களுக்கு ஸ்ப்ளெண்டரைவிட 13, பிளாட்டினாவைவிட 18 கிலோ குறைவு என்பது தோளில் தெரியும். இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் டேங்குக்கு வெளியே இருப்பதால் கோளாறு வந்தால் டேங்கைக் கழற்றாமல் வேலை பார்க்கலாம். குறைகளும் உண்டு. டேங்க் 9 லிட்டர்தான், டயர் டியூப் வைத்தது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் பின்சக்கரம் பஞ்சரானால் வீலைக் கழற்றியே ஆக வேண்டும். டியூப்லெஸ் என்றால் ஆணி குத்தினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், அடுத்த கடை வரை போய்விடலாம். எந்த வண்டி எடுத்தாலும் டயர் பக்கவாட்டில் ‘டியூப்லெஸ்’ என்று அச்சடித்திருக்கிறதா என்று ஷோரூமிலேயே குனிந்து படித்துவிடுங்கள்.

ஸ்ப்ளெண்டர் 1994 முதல் ஓடுகிறது. அதைப் பிரிக்கத் தெரியாத மெக்கானிக் தமிழ்நாட்டில் இல்லை. விற்கும்போதும் நல்ல விலை நிற்கும். 18 இன்ச் சக்கரம், டியூப்லெஸ் டயர், 112 கிலோ. வெளியூர் ரோட்டில் தனியாகப் போகிறவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். ஒரு எச்சரிக்கை: அதிகம் விற்கும் வண்டி என்பதால் டூப்ளிகேட் பாகங்களும் அதிகம். கிளட்ச் பிளேட், செயின் ஸ்பிராக்கெட், பிரேக் ஷூ மூன்றையும் பில் போட்டு ஒரிஜினலாக வாங்குங்கள். தினம் நெடுஞ்சாலையில் 70-க்கு மேல் விரட்டுகிறவர்களுக்கு இந்த நான்குமே ஒத்துவராது, 125 சிசிக்குப் போய்விடுங்கள். இவை 50-60-ல் சந்தோஷமாக ஓடும் இன்ஜின்கள்.

டிவிஎஸ் எக்ஸ்எல் 100 மொபெட் பற்றியும் கேட்பார்கள். மூட்டை ஏற்ற அருமையான வண்டி. ஆனால் 4 லிட்டர் டேங்க், 4.4 குதிரைத்திறன். 40 கி.மீ.க்கு வேண்டாம்.

பிரேக் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 2019-ல் 125 சிசி வரையுள்ள வண்டிகளுக்குக் காம்பி பிரேக் அல்லது (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும்) ஏபிஎஸ் கட்டாயமானது. இந்த நான்கிலும் இருப்பது காம்பி பிரேக்: பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். சர்வீஸில் பிரேக் ஷூவைச் சுத்தம் செய்துவிட்டு அந்த இணைப்புக் கேபிளைத் தொய்வாக விட்டால் முன்பக்கம் பிடிக்காது. இறுக்கி வைத்தால் டிரம் உரசிச் சூடாகும், மைலேஜ் விழும். சோதிப்பது சுலபம். மெயின் ஸ்டாண்டு போட்டு, ஒருவர் பின்சீட்டை அமுக்கி முன்சக்கரத்தைத் தூக்கட்டும். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு பின் பிரேக்கை அழுத்துங்கள். சக்கரம் நிற்க வேண்டும். காலை எடுத்ததும் உரசாமல் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சர்வீஸுக்குப் பிறகும், வண்டியை வெளியே எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

கொட்டேஷன் வாங்கும்போது வரிவரியாகப் படியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, பழைய விலைப்பட்டியலை நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் ஒரு லட்சம் வரையுள்ள வண்டிக்குச் சாலை வரி 10 சதவீதம். புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் (உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) கட்டாயம். 75 முதல் 150 சிசிக்கு 2022-ல் நிர்ணயித்த தொகை 3,851 ரூபாய், வரி தனி. நான்கு வண்டிக்கும் இது ஒன்றே. இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டமில்லை, வெளியே விலை கேட்டுவிட்டு வாருங்கள். ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு கட்டணம் போட்டிருந்தால் எதற்கு என்று கேட்டு நீக்கச் சொல்லுங்கள்.