நாகர்கோவில் தோல் கிளினிக்: அப்பாவின் உள்ளங்கால் மச்சத்துக்காகப் போன அனுபவம்

செட்டிகுளம் பக்கம் மாடியில் இருக்கும் கிளினிக் இது. ஐந்துக்கு நான்கு ஸ்டார் கொடுக்கிறேன். குறைத்த ஒன்று முழுக்க அந்தச் செங்குத்தான படிக்கட்டுக்கும், டோக்கன் எழுதும் இடத்தில் நடக்கும் கூத்துக்கும்.

அப்பாவுக்கு 68 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. இடது குதிகாலுக்குச் சற்று முன்னால் ஒரு கருப்புப் புள்ளி இருந்தது. முள் குத்தி ரத்தம் கட்டியிருக்கிறது என்று அவராகவே முடிவு பண்ணிவிட்டார். போகப்போக அது ஒரு பக்கமாகப் பரவியது, ஓரம் மங்கியது, நடுவில் கருப்பும் சுற்றிலும் பழுப்புமாக இரண்டு நிறம் ஆனது. பக்கத்து வீட்டு மாமி சுண்ணாம்பும் காரமும் குழைத்து வைக்கச் சொன்னார். டவுனில் ஒரு அழகு நிலையத்தில் காட்டினால், என்ன ஏதென்று கேட்காமல் "லேசர் வைத்தால் இரண்டு நிமிஷ வேலை" என்றார்கள். எனக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை.

இங்கே டாக்டரம்மா முதலில் அப்பாவைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகு, காது மடல், கை, கால் நகம், விரலிடுக்கு எல்லாம் பார்த்துவிட்டுத்தான் உள்ளங்காலுக்கு வந்தார். மற்ற மச்சங்களோடு சேராமல் ஒன்று மட்டும் தனியாகத் தெரிகிறதா என்று பார்க்கத்தானாம். "பாட்டா, காலை நல்லா நீட்டுங்க" என்று சொல்லி, பிளேடால் மேல்தோலை லேசாகச் சுரண்டினார். கட்டிய ரத்தமாக இருந்தால் அதிலேயே உதிர்ந்து வந்துவிடும். வரவில்லை. அப்புறம் ஜெல்லி தடவி, டெர்மோஸ்கோப் என்ற விளக்கு வைத்த லென்ஸை அழுத்திப் பார்த்தார். படத்தை எங்களுக்கும் காட்டினார். உள்ளங்கால் தோல் வரப்பும் வாய்க்காலும் மாதிரி ஓடுகிறது. நிறம் வாய்க்காலில் ஓடினால் பெரும்பாலும் சாதா மச்சம், வரப்பு மேலே ஏறினால் மெலனோமா என்ற தோல் புற்றோ என்று சந்தேகப்பட வேண்டும். அப்பாவுக்குப் பாதி இடத்தில் சரியாக இருந்தது, பாதியில் குழம்பியிருந்தது. ஸ்கேல் வைத்து அளந்தார், 8 மில்லிமீட்டர். 6-க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டுமாம், ஆனால் அளவைவிட மாறிக்கொண்டே இருப்பதுதான் பெரிய அறிகுறி என்றார்.

லேசர் கதையைச் சொன்னதும், "நல்லவேளை வைக்கலை. எரிச்சுட்டா டெஸ்டுக்கு அனுப்ப அங்கே என்ன இருக்கும்?" என்றார். சுண்ணாம்புக்கும் அதே பதில்தான். மருவைத் தலைமுடியால் கட்டி அறுக்கும் நம்ம ஊர் வழக்கத்தையும் மச்சத்தில் காட்டக் கூடாதாம்.

நான் ஒரு சந்தேகம் கேட்டேன். அப்பா வெள்ளாப்பில் வெட்டுக்குப் போய் வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வருகிறவர், தோட்டத்திலும் நிழல்தான், பிறகு எப்படி? உள்ளங்கால் என்றைக்கு வெயிலைப் பார்த்தது என்று திருப்பிக் கேட்டார். வெள்ளைக்காரர்களுக்கு வரும் மெலனோமாவில் வெயிலுக்குப் பெரிய பங்கு. நம் நிறத்துக்காரர்களுக்கு வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று யாரும் பார்க்காத இடத்தில்தான் அதிகம் வருகிறது. தம்பி அன்றைக்கு பாப் மார்லி பனியன் போட்டிருந்தான். "இவருக்கும் கால்விரல் நகத்தடியில்தான் வந்தது, 36 வயசில் போயிட்டார்" என்று அவன் நெஞ்சைக் காட்டிச் சொன்னார். தம்பி வீட்டுக்கு வந்ததும் பத்து நகத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தான். நம்மவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கருங்கோடு இருப்பது சாதாரணம். ஒரே நகத்தில் வந்து, அகலமாகி, நகத்தை ஒட்டிய தோலுக்கும் கருப்பு இறங்கினால்தான் ஓடிப்போய்க் காட்ட வேண்டும். கடப்புறத்தில் கொத்தனார் வேலைக்குப் போகிற அவனுக்குத் தொப்பி, முழுக்கைச் சட்டை. அப்பாவுக்கு சன்ஸ்கிரீன் எழுதவே இல்லை. விற்கிற புத்தி இல்லாத டாக்டர் என்று அங்கேயே எனக்குப் பிடித்துவிட்டது.

மச்சத்தை முழுசாக வெட்டியெடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். மரத்துப்போக வைக்கும் ஊசிதான் பயங்கர வலி, உள்ளங்காலில் போடுகிறார்களே. ரிசல்ட்டில் டிஸ்பிளாஸ்டிக் நெவஸ் என்று வந்தது. புற்று இல்லை, ஆனால் செல்கள் ஒழுங்கு தவறியிருக்கின்றன, ஓரங்கள் சுத்தம். இந்த மாதிரி மச்சங்களில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதே இல்லை என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னதால் அப்பா அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். இடையில் வீட்டில் மாதம் ஒருமுறை ஸ்கேல் பக்கத்தில் வைத்து மற்ற மச்சங்களை போட்டோ எடுக்கிறோம்.

இனி குறை. லிப்ட் கிடையாது. காலில் தையல் போட்ட மனுஷனைத் தம்பி தூக்கித்தான் இறக்கினான். டோக்கன் நம்பர் ஒன்று, கூப்பிடும் வரிசை வேறொன்று. கேட்டால் ரிசப்ஷனில் முகம் கொடுக்க மாட்டார்கள். பயாப்சி செலவை முன்கூட்டியே சொல்லாததும் சரியில்லை. பணம் இடிக்கும் என்றால் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் தோல் பிரிவிலும் காட்டலாம்.

பைக்கைக் கீழே ரோட்டில்தான் விட வேண்டும். சனிக்கிழமை போகாதீர்கள், முகப்பரு கூட்டம் வாசல்வரை நிற்கும்.