36 வோல்ட் ஹப் மோட்டார் கிட்: மோட்டாரில் குறையில்லை, ஒயரில்தான் வம்பு

பழைய சைக்கிளை மின்சார சைக்கிளாக மாற்றும் 36 வோல்ட், 250 வாட் பின்சக்கர ஹப் மோட்டார் கிட் ஒன்றை இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கி, கோவையில் வடவள்ளிக்கும் காந்திபுரத்துக்கும் இடையே ஒன்றரை ஆண்டாக ஓட்டி வருகிறேன். சக்கரத்தோடு கோத்த மோட்டார், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு அளந்து அனுப்பும் கன்ட்ரோலர், வேகத்தைக் கூட்டக் கையால் திருகும் த்ராட்டில், மின்னிணைப்பைத் துண்டிக்கும் இரண்டு பிரேக் பிடிகள், மிதி சென்சார், சிறிய திரை ஆகியவை பெட்டியில் வந்தன; பேட்டரியைத் தனியாக வாங்கினேன். ஓடும்போது இந்த மோட்டாரைக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. கியர் உள்ள ஹப் என்பதால் எடை குறைவு, மேம்பாலம் ஏறும்போது திணறுவதில்லை, மோட்டாரை நிறுத்திவிட்டு மிதித்தாலும் சக்கரம் இலகுவாகச் சுழலும். என் மனக்குறையெல்லாம் அந்த மோட்டாரிலிருந்து வெளியே வரும் ஒயர்களைப் பற்றியும், அவை கெட்டால் என்ன செய்வது என்று ஒரு வரிகூடச் சொல்லாத கையேட்டைப் பற்றியும்தான்.

முதல் சிக்கல் முதல் மழையிலேயே வந்தது. திரை ஒளிர்ந்தது, பேட்டரி நிறைந்திருந்தது, ஆனால் த்ராட்டிலைத் திருகினாலும் மிதித்தாலும் மோட்டார் அசையவில்லை. இப்படி நேர்ந்தால் கன்ட்ரோலரைச் சந்தேகிப்பதற்கு முன்னால் பிரேக் பிடிகளின் கனெக்டர்களைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது நல்லது; பிரேக் பிடித்திருப்பதாகக் கன்ட்ரோலர் நினைத்துக்கொண்டிருக்கும் வரை அது மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பாது. என் வண்டியில் இடப்பக்கக் கனெக்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. துடைத்து உலர்த்தியதும் சரியாகிவிட்டது. கனெக்டருக்குச் சற்று முன்னால் ஒயரைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும் என்ற எளிய யோசனையைக் கையேட்டில் ஒரு படமாகவாவது போட்டிருக்கலாம்.

இரண்டாவது சிக்கல் என் பொறுமையைச் சோதித்தது. ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகு, சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் சக்கரம் உதறிக்கொண்டு உறுமத் தொடங்கியது. காலால் உந்திவிட்டால் சில நேரம் ஓடும், சில நேரம் திரையில் 24 என்ற எண் தோன்றி அடங்கிவிடும். இவ்வகைத் திரைகள் பலவற்றில் 24 என்பது மோட்டாருக்குள் காந்தங்களின் நிலையை உணரும் ஹால் சென்சாரின் கோளாற்றையும், 30 என்பது திரைக்கும் கன்ட்ரோலருக்கும் இடையிலான தொடர்பு அறுந்ததையும் குறிக்கும். விற்பனையாளரின் சேவை எண்ணில் பேசியவர், எண் என்ன என்றுகூடக் கேட்காமல், கன்ட்ரோலர் போய்விட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அவர் சொன்ன விலை முழுக் கிட்டின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு. மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருந்ததால் அவர் பேச்சை அப்படியே ஏற்க மனம் வரவில்லை.

மோட்டாருக்குள் செல்பவை இரண்டு வகை ஒயர்கள். மஞ்சள், பச்சை, நீலம் என்ற மூன்று தடித்த ஃபேஸ் ஒயர்கள் சக்கரத்தைச் சுழற்றும் மின்சாரத்தைக் கொண்டு செல்கின்றன. மெல்லிய ஐந்து ஒயர்கள் ஹால் சென்சார்களுக்கானவை: சிவப்பில் 5 வோல்ட், கறுப்பு தரை, மற்ற மூன்றும் (இவையும் மஞ்சள், பச்சை, நீலம்தான்) காந்தங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் செய்தி ஒயர்கள். ஒவ்வொரு செய்தி ஒயரும் சக்கரம் திரும்பத் திரும்ப 0 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் மாறி மாறித் தாவ வேண்டும். வழக்கமான 120 பாகை அமைப்பில் மூன்றும் ஒரே நேரத்தில் 5 ஆகவோ, மூன்றும் ஒரே நேரத்தில் 0 ஆகவோ இருக்கவே கூடாது. அப்படி ஒரு நிலையைக் கண்டால் எந்த ஃபேஸுக்கு மின்சாரம் கொடுப்பதென்று தெரியாமல் கன்ட்ரோலர் நிறுத்திக்கொள்ளும். உதறலும் உறுமலும் அதன் வெளிப்பாடுதான்.

முதலில் கன்ட்ரோலரைச் சோதித்தேன். பேட்டரியைக் கழற்றி, மின்தேக்கிகள் வடிவதற்குச் சில நிமிடங்கள் விட்டு, மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் கறுப்பு ஒயரிலும் கறுப்பு முனையை ஒவ்வொரு ஃபேஸிலுமாகத் தொட்டுப் பார்த்தால், மூன்று ஃபேஸுக்கும் 0.4 முதல் 0.6 வோல்ட் வரை ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். பேட்டரியின் சிவப்பு ஒயரில் கறுப்பு முனையை வைத்து, சிவப்பு முனையால் ஃபேஸ்களைத் தொட்டாலும் அப்படியே. ஏதேனும் ஒன்றில் சுழி காட்டினால் அங்குள்ள மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் எரிந்து ஷார்ட் ஆகிவிட்டது என்று பொருள். என்னுடையதில் ஆறு அளவுகளும் ஒழுங்காகவே இருந்தன.

அடுத்ததாக ஹால் ஒயர்களை அளக்க முயன்றபோதுதான் இந்தக் கிட்டின் மீது எனக்குக் கோபம் வந்தது. மோட்டார் கேபிள், ஒன்பது முனைகள் கொண்ட வார்ப்பு கனெக்டரில் முடிகிறது. மழைக்கு இது மிக நல்லது, ஆனால் பின்பக்கம் முழுவதும் மூடியிருப்பதால் மல்டிமீட்டர் முனையை நுழைக்க வழியில்லை. கன்ட்ரோலர் பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து, பலகையில் எழுத்துக் குறியிட்ட ஹால் புள்ளிகளில் அளக்க வேண்டியதாயிற்று. அப்போது முனை வழுக்கி 5 வோல்ட் புள்ளியையும் பக்கத்திலுள்ள பேட்டரிப் புள்ளியையும் தொட்டுவிட்டால் நல்ல கன்ட்ரோலரும் அந்த நொடியே போய்விடும் என்பதால், முனைகளின் மேல் நுனி மட்டும் தெரியும்படி டேப் சுற்றிக்கொண்டேன்.

இன்னொன்றையும் எவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கியர் உள்ள ஹப்பில், சக்கரத்தை முன்னோக்கிக் கையால் சுழற்றினால் உள்ளே இருக்கும் கிளட்ச் நழுவிவிடும், மோட்டார் சுழலாது. அளவு மாறவில்லையே என்று நான் அரை மணி நேரம் குழம்பியது இதனால்தான். சக்கரத்தைப் பின்னோக்கி, மிக மெதுவாகத் திருப்ப வேண்டும். (பிரேக் பிடித்தால் பேட்டரி தானாகச் சார்ஜ் ஆகும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். இதே கிளட்ச் இருக்கும்வரை அது நடக்கிற காரியமில்லை.) பின்னோக்கித் திருப்பியதும் மஞ்சளும் பச்சையும் ஒழுங்காகத் தாவின, நீலம் மட்டும் 5 வோல்ட்டிலேயே நின்றது.

ஹால் சென்சார் தானாக 5 வோல்ட் தருவதில்லை. அது ஒயரைத் தரைக்கு இழுக்கவோ விட்டுவிடவோ மட்டுமே செய்யும், 5 வோல்ட்டை ஏற்றி வைப்பது கன்ட்ரோலரில் உள்ள மின்தடைதான். ஆகவே மோட்டார் கனெக்டரைக் கழற்றிய நிலையில் மூன்று புள்ளிகளிலும் 5 வோல்ட் தெரிந்தது என்றால் கன்ட்ரோலர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. இணைத்த பிறகும் ஒன்று மட்டும் கீழே இறங்காமல் நின்றால் அந்த ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது சென்சார் செத்திருக்கிறது. இரண்டில் எது என்பதை அறிய, மீட்டரைப் பார்த்துக்கொண்டே அச்சருகில் கேபிளை விரலால் மெல்ல ஆட்டினேன். எண் 5இலிருந்து சரேலெனச் சுழிக்கு இறங்கி மீண்டும் ஏறியது. சென்சார் உயிரோடுதான் இருந்தது.

கோவை கணபதிப் பகுதியில் பம்ப் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை ஒன்றுக்குச் சக்கரத்தைக் கொண்டுபோனேன். “ஒயரு அறுந்துபோனா மோட்டாரு என்னங்க பண்ணும்?” என்று சிரித்தபடியே பட்டறைக்காரர் மோட்டாரின் பக்க மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த சிறு தளர்வைப் பயன்படுத்திக் கேபிளை வெளியே இழுத்ததும், அச்சுத் துளையின் கூர்மையான விளிம்பில் உறை நைந்து நீல ஒயர் பிளந்திருப்பது தெரிந்தது. அவர் அதைச் சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, நைலான் கியர்களுக்குப் புதிய கிரீஸும் தடவிக் கொடுத்தார். அன்றிலிருந்து 24 தோன்றவில்லை.

ஒயர் ஏன் நைந்தது என்பதற்கான விடை ஃப்ரேமில் இருந்தது. மோட்டார் சக்கரத்தை எவ்வளவு வலுவாகச் சுழற்றுகிறதோ அவ்வளவு வலுவாக அச்சை எதிர்த்திசையில் முறுக்கும். அந்த முறுக்கைத் தாங்க, அச்சை ஃப்ரேமோடு பிணைக்க வேண்டிய டார்க் ஆர்ம் என்ற உலோகக் கை பெட்டியில் இல்லை. கொடுத்திருந்த பல் வாஷர்கள் என் பழைய ஃப்ரேமின் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அச்சு சிறிது திரும்பியது, அதனோடு கேபிளும் திரும்பியது. தனியாக ஒரு டார்க் ஆர்ம் வாங்கிப் பொருத்தினேன். மிகச் சிறிய செலவில் முடிந்தது. இதைப் பெட்டியிலேயே வைக்காததைக் கஞ்சத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மோட்டாருக்கு ஐந்தில் நான்கரை கொடுப்பேன். கன்ட்ரோலருக்கு நான்கு, வேறு மோட்டாரோடு இணைத்தாலும் இரண்டு வெள்ளை ஒயர்களைச் சேர்த்தால் ஃபேஸ் வரிசையைத் தானே கற்றுக்கொள்ளும் வசதி இதில் உண்டு. ஒயர் வேலைக்கு இரண்டு, கையேட்டுக்கு ஒன்றுமில்லை, விற்பனையாளரின் சேவைக்கு ஒன்று. அறுந்த ஒயரின் படத்தை அனுப்பிய பிறகும் அவர்களிடமிருந்து வந்த பதில், புதிய கன்ட்ரோலருக்கான விலைப்பட்டியல்தான். வாங்க நினைப்பவர்கள், டார்க் ஆர்ம் பெட்டியில் உண்டா, மோட்டார் கேபிள் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்ற இரண்டையும் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வார்ப்பு கனெக்டரை இணைக்கும்போது அம்புக்குறிகளை நேராக வைத்து, கோடு மறையும்வரை அழுத்துங்கள். பாதியில் நின்றால் ஃபேஸ் முனைகள் சூடேறி உருகிவிடும்.