கணுக்கால் ஊசிக்கு முன்பணம் கட்டாதீர்கள்

மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோய் வந்து எனக்கு ஆறு வருடம். நடை தள்ளாடுவதைக்கூடச் சமாளித்துவிடலாம், மானத்தை வாங்குவது மூத்திரம்தான். வந்தால் அடக்க முடியாது. போய் உட்கார்ந்தால் முழுதாகவும் வராது. கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி கிளம்பும் நாளில் தண்ணீரே குடிக்க மாட்டேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

இந்த நிலையில்தான் ஒரு அக்குபங்சர் நிலையத்துக்குப் போனேன். 12 சிட்டிங், மொத்தம் 9,600 ரூபாய், முன்னாலேயே கட்டவேண்டும். நம்பியதற்குக் காரணம் இருந்தது. கணுக்காலின் உள்பக்கம் ஓடும் டிபியல் நரம்பை லேசான மின்சாரத்தால் தூண்டி மூத்திர அவசரத்தைக் குறைப்பது நிஜமான சிகிச்சை. சிறுநீர்ப்பாதை டாக்டர்களும் செய்கிறார்கள், வாரம் ஒருமுறை, அரை மணி நேரம், 12 வாரம். அக்குபங்சரில் எஸ்பி 6 என்கிற புள்ளியும் கிட்டத்தட்ட அங்கேதான். அங்கே குத்திய ஊசியில்தான் நிலையத்துக்காரர் கரண்ட் பெட்டியை மாட்டினார்.

சரியாகக் கரண்ட் பாய்ந்தால் கட்டைவிரல் துடிக்கும், அல்லது உள்ளங்காலில் குறுகுறுக்கும். எனக்கு ஒரு நாளும் இல்லை. கேட்டால், "உங்களுக்கு உணர்ச்சி கம்மிம்மா, அதான்" என்றார். எட்டாவது நாள் கரண்ட் போனது. பெட்டியின் பச்சை விளக்கும் அணைந்தது. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அவரும் அரை மணி முடியும்வரை ஊசியை எடுக்கவில்லை!

பணம் போனதைவிட மோசம் இன்னொன்று. மிச்ச மூத்திரத்தை எடுக்க நானே தினம் இரண்டு வேளை குழாய் போட்டுக்கொள்வேன். "குழாய் வைத்தால் மூத்திரப்பை சோம்பேறியாகிவிடும், விட்டுவிடுங்கள்" என்றார். விட்டேன். மூன்று வாரத்தில் குளிர் ஜுரம், எழுந்து நிற்கக் கால் இல்லை. நோய் திரும்ப வந்துவிட்டது என்று வீடே அழுதது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்தால், போய்விட்டு வந்த பிறகும் உள்ளே 350 மில்லி. கால் விழுந்தது மூத்திரத் தொற்றால். எங்களைப் போன்றவர்களுக்கு ஜுரம் வந்தாலே பழைய பலவீனம் தலைதூக்கும்.

அடக்க முடியாததும் முழுதாகக் காலியாகாததும் வேறு வேறு கோளாறு, இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். யார் ஊசி போட வந்தாலும் முதலில் மிச்ச மூத்திர ஸ்கேன் எடுத்தாயா என்று கேட்க வேண்டும். இவர் கேட்கவே இல்லை. டாக்டரிடம் கேட்காமல் குழாயையும் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "மீதி நாலு சிட்டிங் இருக்கேம்மா, எப்ப வேணாலும் வாங்க" என்கிறார்.