கட்டைவிரல் ஈசிஜியா, ஸ்மார்ட்வாட்ச்சா?

ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்ற சீரற்ற இதயத்துடிப்பு வரும், போகும். பலருக்கு வந்ததே தெரியாது. நிறையப் பேரைச் சோதிக்க எந்தக் கருவி நல்லது?

கைக்குள் அடங்கும் ஈசிஜி கருவியில் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து அரை நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். கை நடுங்கினால் கோடு கிறுக்கலாகிவிடும். ஆனால் கிடைப்பது மின்பதிவு. மருத்துவர் அதைப் பார்த்தே உறுதி செய்யலாம். ஸ்வீடனில் 75, 76 வயதினரை இப்படித்தான் தினமும் இரு வேளை, 2 வாரம் பதிய வைத்தார்கள். 2021-இல் வெளியான முடிவில் பக்கவாதம், மரணம் உள்ளிட்ட பாதிப்புகளின் கூட்டுக்கணக்கு கொஞ்சம் குறைந்திருந்தது. கொஞ்சம்தான்.

வாட்ச், மணிக்கட்டில் பச்சை ஒளி பாய்ச்சி நாடியைக் கணிக்கிறது. நாம் தூங்கினாலும் அது பார்த்துக்கொண்டிருக்கும். சரி, எச்சரிக்கை வந்தால்? அதை ஈசிஜியில்தான் உறுதி செய்ய வேண்டும். 2019-இல் வெளியான ஆப்பிள் ஆய்வில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரில் சுமார் அரை சதவீதத்தினருக்கே எச்சரிக்கை வந்தது. பிறகு மார்பில் ஈசிஜி பேட்ச் (தொடர்ந்து பதியும் ஒட்டுக்கருவி) ஒட்டிப் பார்த்தவர்களில் 34 சதவீதத்தினருக்குக் கோளாறு பதிவானது. (விட்டுவிட்டு வருவதால், மற்றவர்களுக்கு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.) அப்புறம், சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் 40 வயதைத் தொடாதவர்கள், ஆபத்தோ முதியோருக்கு.

65 தாண்டியவர்களுக்கு என்றால் என் ஓட்டு கட்டைவிரல் கருவிக்கே.