ஆட்டுக்குக் காவல் நாய் வீட்டுக்கு வந்தால்: தத்தெடுப்பதா, ஃபாஸ்டர் எடுப்பதா?

டாலஸுக்கு வடக்கே, நாங்கள் இருக்கும் பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வீடு வாங்கி, பின்புறம் வேலி போட்ட புல்வெளியும் கிடைத்துவிட்டால் பிள்ளைகள் அடுத்துக் கேட்பது நாய்க்குட்டி. கைவிடப்பட்ட நாய்களை மீட்டு வீடு தேடித் தரும் ரெஸ்க்யூ அமைப்புகளின் பக்கங்களைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பனிக்கரடிக் குட்டி மாதிரி வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்கும் கிரேட் பிரனீஸ் குட்டிதான். நான்கு வருடத்தில் இந்த இனத்திலும் இதன் கலப்பிலும் ஐந்து குட்டிகளை ஃபாஸ்டர் எடுத்து, அதாவது நிரந்தர வீடு கிடைக்கும்வரை தற்காலிகமாக வைத்துப் பார்த்து, அனுப்பியிருக்கிறோம். ஆறாவதாக வந்த பொம்மி திரும்பிப் போகவில்லை. அதனால் கோயிலிலும் பிறந்தநாள் விருந்திலும் எங்களைப் பிடித்துக் கேட்பார்கள்: "குட்டியாவே அடாப்ட் பண்ணிடலாமா, இல்ல மொதல்ல ஃபாஸ்டர் எடுத்துப் பாக்கலாமா? பிரனீஸ் நல்லதா, அனடோலியன் நல்லதா?" இரண்டுமே ஆட்டுக்குக் காவல் இருக்கும் நாய் இனங்கள்.

என் பதில் ஃபாஸ்டர். அதிலும் முடிந்தால் குட்டியை விட்டுவிட்டு, ஒரு வயதை ஒட்டிய நாய். இதைச் சொன்னால் பிள்ளைகள் முகம் தொங்கிப்போகும் என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

இந்தக் குட்டிகள் ஏன் டெக்சாஸில் இப்படிக் குவிகின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்காவில் செம்மறியும் வெள்ளாடும் அதிகம் உள்ள மாநிலம் இது. ஆட்டைப் பிடிக்கும் கயோட்டிகளை (ஓநாய்க்கு உறவான சின்ன விலங்கு) ஆட்டுக்காரர்கள் முன்பு பெரும்பாலும் விஷம் வைத்தே சமாளித்தார்கள். 1972இல் அதிபர் நிக்சன் கூட்டரசு நிலங்களில் அதற்குத் தடை போட்டார். அதே ஆண்டு அந்த விஷங்களின் பதிவும் ரத்தானது. மாற்று தேடியபோதுதான் ஐரோப்பா, துருக்கி மேய்ப்பர்களின் காவல் நாய்கள் மேல் பார்வை விழுந்தது. மாசசூசெட்ஸில் ஹாம்ப்ஷயர் கல்லூரியைச் சேர்ந்த ரேமண்ட் காப்பிங்கரும் லோர்னா காப்பிங்கரும் 1970களின் பிற்பகுதியில் இத்தாலி, துருக்கி, யூகோஸ்லாவியாவிலிருந்து குட்டிகளைக் கொண்டுவந்து பண்ணைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நாய்கள் வேலை செய்தன. பிறகு பரவிவிட்டன. பண்ணையில் கருத்தடை செய்யாத ஆணும் பெண்ணும் ஒரே பட்டியில் கிடந்தால் என்ன ஆகும்? ஒரு ஈற்றில் எட்டு, பத்து குட்டி. ஆடு காக்க இரண்டு போதும், மீதி ஷெல்டர் என்னும் நாய்க் காப்பகத்துக்கு.

ஊரில் கிடை போடும் கீதாரிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த நாயின் வேலையை விளக்கத் தேவையில்லை. பார்டர் காலி மாதிரி ஆட்டை விரட்டி ஓட்டும் நாய் வேறு. ஆட்டோடு ஆடாகப் படுத்துக் கிடந்து, ராத்திரி எழுந்து உறுமும் நாய் வேறு. நமது குட்டி இரண்டாவது வகை. ஓட்டும் நாய் எஜமானன் வாயைப் பார்த்துக்கொண்டே இருக்கும். காவல் நாய்க்கு உத்தரவு கொடுக்க மலையில் ஆள் இல்லை. அதுவே யோசித்து முடிவெடுக்க வேண்டும். பல நூறு வருடம் அப்படிப் பொறுக்கி வளர்த்த புத்தி, உங்கள் வீட்டு ஹாலில் "சிட்" என்று சொன்னதும் உட்கார்ந்துவிடாது. காது கேட்கும், புரியும், உட்காரலாமா என்று யோசிக்கும்.

சரி, நேரடியாகக் குட்டியைத் தத்தெடுப்பதை முதலில் பார்ப்போம். இதன் பலம் உண்மையானது. இந்த நாய்கள் யாரோடு ஒட்ட வேண்டும் என்பது பெரும்பாலும் முதல் நான்கு மாதத்துக்குள் படிந்துவிடுகிறது. பண்ணையில் குட்டியை ஆட்டோடு போட்டு வளர்ப்பது அதற்காகத்தான். அதே வாரங்களில் உங்கள் பிள்ளைகள், பாட்டி, மிக்ஸி சத்தம், குக்கர் விசில், வாசலில் வரும் டெலிவரி ஆள் எல்லாம் பழகிவிட்டால் அது பெரிய லாபம். பிரச்சினை என்னவென்றால், எட்டு வாரக் குட்டியைப் பார்த்து அது எப்படிப்பட்ட நாயாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. காவல் குணம் முழுசாக வெளிவர ஒன்றரை, இரண்டு வயது ஆகும். அதுவரை எல்லாரையும் நக்கிக்கொண்டிருந்த நாய், ஒருநாள் மாமா வந்து பையனைத் தூக்கிச் சுற்றும்போது இடையில் வந்து நிற்கும். கடிக்காது, வழிவிடவும் செய்யாது. அப்போது அதன் எடை 45 கிலோ.

ஷெல்டரிலிருந்து நேராக வரும் குட்டியோடு பார்வோ என்ற வைரஸ் நோயின் பயமும் கூடவே வரும். தொற்றிய பிறகு நோய் தெரிய பெரும்பாலும் ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் ஆகலாம். துள்ளிக்கொண்டிருந்த குட்டி நான்காம் நாள் வாந்தி எடுக்கும். எங்கள் முதல் ஃபாஸ்டர் ஜோடியில் ஒன்றுக்கு அப்படி ஆனது. ஐந்து நாள் மருத்துவமனையில் டிரிப் ஏற்றிப் பிழைத்தது. அந்தப் பில்லை ரெஸ்க்யூ கட்டியது. அதே குட்டியை நாங்கள் தத்தெடுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் முழுதும் எங்கள் தலையில் விழுந்திருக்கும். அந்த வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடு கிடக்கும் என்பதால், அடுத்த ஒரு வருடம் தடுப்பூசி முடியாத எந்தக் குட்டியையும் நாங்கள் வீட்டுக்குள் விடவில்லை.

ஃபாஸ்டரில் கணக்கு எளிது. இடமும் நேரமும் உங்களுடையது, மருத்துவச் செலவு ரெஸ்க்யூவுடையது. சிலர் தீனியும் தருவார்கள். குட்டி உங்களோடு இருப்பது மூன்று வாரமோ மூன்று மாதமோ. அதற்குள் உங்கள் வீட்டைப் பற்றி நீங்களே நிறையத் தெரிந்துகொள்வீர்கள். காலை ஆறு மணிக்கு யார் எழுந்து வெளியே விடுகிறார்கள் (எங்கள் வீட்டில், "நான் பாத்துக்கறேன்" என்று சத்தியம் செய்தவன் அல்ல). பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை ராத்திரி குரைப்பைப் பொறுப்பார். உங்கள் வேலி உண்மையிலேயே வேலியா.

நம்மவர்களுக்கு என்று ஒரு விஷயம் உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது ஊருக்குப் போகிறோம், போனால் ஐந்து வாரம். ஃபாஸ்டர் என்றால் அந்த மாதங்களில் குட்டி எடுக்காமல் இருந்தால் முடிந்தது. தத்தெடுத்த நாயை எங்கே விடுவீர்கள்? தன் இடத்தையும் தன் ஆட்களையும் காப்பதே பிழைப்பாகக் கொண்ட நாயைக் கூண்டு விடுதியில் ஐந்து வாரம் அடைத்துவிட்டு வந்தால், திரும்பி வரும்போது வேறு நாயைப் பார்ப்பீர்கள். விசா நிலவரம் ஆட்டம் காணும் வீடுகளுக்கு இன்னொரு கேள்வி: இந்த இரட்டை அடுக்கு ரோமத்தோடு அதை மே மாதச் சென்னைக்குக் கொண்டுபோக மனசு வருமா?

ஃபாஸ்டருக்குக் கெட்ட பக்கமும் இருக்கிறது. மூன்றாவது குட்டி வெள்ளையனைக் கொலராடோவில் ஒரு குடும்பத்துக்கு அனுப்பிய அன்று என் மகள் சாப்பிடவில்லை. இங்கிருந்து குளிர்ப் பிரதேசங்களுக்கு வேன் வேனாகக் குட்டிகள் போகின்றன. அங்கே வெள்ளை நாய்க்குக் கிராக்கி. ஃபாஸ்டர் எடுத்தவருக்கே முதல் உரிமை என்று பல அமைப்புகள் சொல்லும், எல்லாரும் சொல்வதில்லை. வாய் வார்த்தையாக வைக்காமல் முதலிலேயே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒருமுறை அந்த அனுபவம் கசப்பாக முடிந்தது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு, நான் தூக்கிப் பிடிப்பது அதைத்தான். தத்தெடுக்கும் நோக்கத்தோடு ஃபாஸ்டராக எடுத்து, இரண்டு மூன்று வாரம் வைத்துப் பார்த்து முடிவு செய்வது. அதையும் பத்து மாதத்திலிருந்து பதினெட்டு மாதம் வரையுள்ள நாயிடம் செய்வது. குட்டியாகக் கொண்டுபோனவர்கள் நாய் பெரிதானதும் திருப்பிக் கொடுக்கும் வயது அதுதான், அதனால் ஷெல்டரில் கிடைப்பதும் எளிது. உயரம், குரல், பூனையைப் பார்த்தால் என்ன செய்கிறது, தீனித் தட்டை நெருங்கினால் உறுமுகிறதா எல்லாம் கண்முன் தெரிந்துவிடும். பொம்மி பதின்மூன்று மாதத்தில் வந்தாள். அதற்குள் இரண்டு வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள். காரணம் என்று எழுதியிருந்தது ஒரே வார்த்தை: குரைக்கிறாள். அவள் குரைப்பாள் என்பதைத் தெரிந்துகொண்டேதான் எடுத்தோம்.

ப்ரீடரிடம், அதாவது இன நாய்களை வளர்த்து விற்பவரிடம், வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாக. பெற்றோரின் இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயைக் காட்டும் நல்ல ப்ரீடர் என்றால் உடல்நலத்தில் ஓரளவு நிச்சயம் கிடைக்கும், விலை ஆயிரம் டாலருக்கு மேல். இன்னொரு லாபம், கருத்தடையை எப்போது செய்வது என்பது உங்கள் கையில் இருக்கும். டெக்சாஸ் சட்டப்படி ஷெல்டரும் ரெஸ்க்யூவும் கருத்தடை செய்து கொடுக்க வேண்டும், அல்லது செய்வதாக எழுதி வாங்க வேண்டும். அதனால் குட்டிகளுக்கு இரண்டு மூன்று மாதத்திலேயே செய்துவிடுகிறார்கள். 20 கிலோவுக்கு மேல் வளரும் நாய்களுக்கு ஒரு வயதுக்கு முன் செய்தால் மூட்டுக் கோளாறு கூடுகிறது என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ரெஸ்க்யூக்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் பார்ப்பது அடுத்த பத்துக் குட்டிகளை. எனக்கு ஷெல்டர் நிரம்பி வழிவதைப் பார்த்த பிறகு ப்ரீடரிடம் போக மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இனி பிரனீஸா, அனடோலியனா. கிரேட் பிரனீஸ் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலுள்ள மலைத்தொடரிலிருந்து வந்தது. ஆண் 45 கிலோவிலிருந்து மேலே, பெண் 38 கிலோவிலிருந்து மேலே. அனடோலியன் ஷெப்பர்ட் துருக்கிப் பீடபூமியின் நாய். ஆண் 50 முதல் 68 கிலோ வரை, ரோமம் குட்டை, உடம்பு மெலிவு, ஓட்டம் வேகம். எடையில் பெரிய வித்தியாசம் தெரியாவிட்டாலும் சுபாவத்தில் தெரியும். பிரனீஸ் முதலில் குரைக்கும், பிறகும் குரைக்கும், கடைசி வழியாகத்தான் மோதும். அனடோலியன் குறைவாகக் குரைத்துச் சீக்கிரம் கிளம்பும். நமீபியாவில் சிவிங்கிப்புலிகளிடமிருந்து ஆடுகளைக் காக்க 1994 முதல் விவசாயிகளுக்குக் கொடுக்கப்படுவது இந்த நாய்தான். ஆடு தப்பித்தால் விவசாயி சிவிங்கிப்புலியைச் சுடமாட்டார் என்ற கணக்கு. அப்படிப்பட்ட வேலைக்கு ஏற்ற நாயை, வாரம் இருமுறை பிள்ளைகளின் சிநேகிதர்கள் வந்து கூச்சல் போடும் வீட்டில் வைப்பதற்கு நான் தயங்குவேன். முதல் நாய் என்றால் பிரனீஸ். வெயில் மட்டும்தான் கேள்வி என்றால் அனடோலியனின் குட்டை ரோமம் உதவும். பிரனீஸின் ரோமத்தை வெயிலுக்காக மழித்துவிடாதீர்கள், அது வெயிலையும் தடுக்கிறது. வசந்தத்தில் உள்ரோமம் உதிரும்போது வீட்டில் இலவம்பஞ்சு காய் வெடித்த மாதிரி இருக்கும். தோசை மாவிலும் இருக்கும்.

உண்மையில் இங்கே ஷெல்டரில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இரண்டும் கலந்தவை. பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம். கருப்பு முகமும் பழுப்பு உடம்புமாக இருந்தால் லாப்ரடார் கலப்பு என்று எழுதிவிடுவார்கள். பின்காலைத் தடவிப் பாருங்கள். உள்பக்கம் இரட்டைக் கட்டைவிரல் நகம் இருந்தால் அநேகமாகப் பிரனீஸ் ரத்தம் உண்டு.

எந்த வழியில் வந்தாலும் வேலி ஆறடி இருக்க வேண்டும், அடியில் தோண்ட முடியாதபடி. மண்ணுக்கடியில் கம்பி புதைத்து, தாண்டினால் கழுத்துப்பட்டை ஷாக் கொடுக்கும் வேலி இவற்றிடம் எடுபடாது. கயோட்டி வாசனை வந்தால் ஷாக்கைத் தாங்கிக்கொண்டு போய்விடும், திரும்பி வரும்போது மட்டும் யோசிக்கும். ராத்திரி வீட்டுக்குள் படுக்க வைத்தால் குரைப்பு பாதியாகும், முழுதாக நிற்காது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு முதல் மாதம் நாங்கள் இரண்டு முறை முறுக்கும் ஒரு முறை மன்னிப்பும் கொடுத்தோம். குடியிருப்புச் சங்க விதிகளையும், வாடகை வீடென்றால் நாயின் எடைக்கு வரம்பு இருக்கிறதா என்பதையும் குட்டி வரும் முன் படியுங்கள்.

தீனிப் பையில் பெரிய அளவு நாய்களின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தீனியில் கால்சியம் அளவோடு இருக்கும். எலும்பு வளர நல்லது என்று பாலும் கால்சியம் மாத்திரையும் கொடுப்பது இந்தக் குட்டிகளுக்குக் கெடுதல். டெக்சாஸ் கொசுவுக்கு இதயப்புழு மாத்திரை மாதாமாதம், ஆயுசுக்கும். நெஞ்சு ஆழமான நாய்கள் என்பதால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அப்படி ஆனால் அன்றைக்கே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். அதனால் வேறு அறுவை செய்யும்போதே இரைப்பையை வயிற்றின் உள்சுவரோடு தைத்துவிடலாமா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுவையுங்கள். பொம்மிக்கு அதைப் பிற்பாடு தனியாகச் செய்தோம், தனிச் செலவாகப் போனது.

இவ்வளவு சொன்ன பிறகும் குட்டிதான் வேண்டும் என்றால், இரண்டு வகை வீட்டுக்கு நான் மறுப்பு சொல்லமாட்டேன். ஏற்கெனவே நிதானமான பெரிய நாய் ஒன்று இருக்கும் வீடு; குட்டிக்குப் பாதி பாடத்தை அது நடத்திவிடும். அப்புறம், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒருவராவது இருந்து, அடுத்த இரண்டு வருடத்துக்கு ஊர்ப் பயணத்தை ஆள் மாற்றி ஆள் போவதாக ஒத்துக்கொண்ட வீடு. அவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்வேன்: ஷெல்டரிலிருந்து நேராக எடுக்காமல், ஃபாஸ்டர் வீட்டில் இரண்டு வாரமாவது இருந்த குட்டியாகப் பார்த்து எடுங்கள். தடுப்பூசி அட்டையில் எந்தத் தேதியில் எந்த ஊசி என்று சரிபாருங்கள். கடைசி ஊசி பதினாறு வாரத்தில்தான் முடியும், அதுவரை பூங்காவுக்குக் கூட்டிப்போக வேண்டாம்.