நேபாளமா, மலையகமா, ஊர்ப்பக்கத்துச் செங்கல் சூளையா? பிள்ளைகள் ஊழியத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு

மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிந்து கலர் பேப்பர் தோரணங்களைக் கழற்றுகிறபோதே, பாளையங்கோட்டைப் பக்கத்து வாலிபர் ஐக்கியங்களில் அந்தப் பேச்சு கிளம்பிவிடும். “அண்ணே, அடுத்த வருசம் வெளிநாட்டுக்கு ஒரு டிரிப்பு போவோமா? பிள்ளைய மத்தியில ஊழியம். பத்து நாள்தான்.” கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் சுற்றும். பனிமலை, சிரிக்கிற நாலு பிள்ளைகள், கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி.

ஞாயிறு பள்ளிப் பொறுப்பில் இருக்கிறவன் என்பதால் அந்த நோட்டீஸ் என் கைக்கும் வரும், போகலாமா வேண்டாமா என்ற கேள்வியும் வரும். நம் பக்கத்து ஆட்களுக்கு வழி பல உண்டு. நேபாளம், கம்போடியா மாதிரி ஏற்பாட்டாளர்கள் குழுவாகக் கூட்டிப்போகும் நாடுகள். ஆப்பிரிக்கா. இலங்கை மலையகம். வட இந்தியாவில் மிஷனெரிகள் வேலை செய்யும் பணித்தளம். அப்புறம் சொந்த மாவட்டம். செலவு, விசா, சாப்பாடு எல்லாம் பார்க்க வேண்டியதுதான். நான் முதலில் கேட்பது இரண்டு கேள்வி. நடுவில் ஆள் வைக்காமல் அந்தப் பிள்ளையோடு பேச முடியுமா? நாம் திரும்பிய மறுநாள் அந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு? இரண்டிலும் தேறாத பயணம், எத்தனை உபவாச ஜெபத்தோடு கிளம்பினாலும், போகிறவர்களின் ஆசைக்காக நடக்கிற பயணம்தான்.

நேபாளம்

நம்மவர்கள் அதிகம் சாய்வது இந்தப் பக்கம். காரணம் எளிது. இந்தியருக்கு விசா வேண்டாம், வாக்காளர் அட்டை இருந்தால் எல்லை தாண்டலாம். சபைகளும் சுறுசுறுப்பானவை. சனிக்கிழமைதான் அங்கே ஆராதனை. அது தெரியாமல் ஞாயிற்றுக்கு நிகழ்ச்சி போட்டுக்கொண்டு போகிற குழுக்களும் உண்டு.

சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின்படி, ஒருவரை மதம் மாற்றினாலோ மாறத் தூண்டினாலோ 5 ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவராக இருந்தால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்தல். “நாங்க பாட்டுத்தான் படிச்சோம், படம்தான் கலர் பண்ணச் சொன்னோம்” என்பது காவல் நிலையத்தில் எடுபடுமா என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. அப்படி ஒரு புகார் கிளம்பினால் நாம் எல்லை தாண்டி ரயில் ஏறியிருப்போம். அங்கேயே இருக்க வேண்டிய போதகர் அகப்படுவார். நோட்டீஸில் இதைப் பற்றி ஒரு வரி கூட இருக்காது.

இதைவிடப் பெரிய சங்கதி ‘அனாதை இல்லம்’. நிகழ்ச்சி நிரலில் இல்லம் ஒன்றைப் பார்வையிடுவது அநேகமாக இருக்கும். நேபாள இல்லங்களில் பெரும்பகுதி காத்மாண்டு, பொக்காரா போன்ற சுற்றுலா வட்டாரங்களில்தான் இருக்கிறது; உள்மலை மாவட்டங்களில் அல்ல. அங்கிருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்திலும் 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகும், படிக்க வைக்கிறோம் என்று சொல்லித் தரகர்கள் மலைக்கிராமங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வந்த கதை ஊரறிந்தது. கம்போடியாவிலும் சுற்றுலா பெருகப் பெருக இல்லங்களும் பெருகின. பார்க்க ஆள் வருகிறது, வந்தவர் கொடுக்கிறார், கொடுப்பதற்காகவே பிள்ளைகள் சேர்க்கப்படுகிறார்கள். ஆஸ்திரேலியா 2018-இல் தன் நவீன அடிமைமுறைச் சட்டத்தையொட்டி இது ஒருவகை ஆள் கடத்தல் என்றே சொன்னது. 2019-இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமும், இல்லங்களில் இப்படித் தன்னார்வத் தொண்டுக்குப் போவது பிள்ளைகளுக்குத் தீங்காக முடியலாம் என்று பேசியது.

போய்வந்தவர்கள் உருகிச் சொல்வது ஒன்று உண்டு: “உள்ள போன அஞ்சாவது நிமிசம் ஒரு குட்டி வந்து மடியில ஏறி உக்காந்துட்டு, விடவே மாட்டேங்கு.” அது அன்பு என்று நினைக்கிறோம். நம் தெருவில் நாலு வயசுப் பிள்ளை முன்பின் தெரியாத ஆள் கையை நீட்டினால் என்ன செய்யும்? அம்மா சேலைக்குப் பின்னால் ஒளியும். பாசம் வைத்தவர்கள் மாதாமாதம் மாறி மாறிப் போய்க்கொண்டே இருந்த பிள்ளைதான் யார் மடியிலும் ஏறும். பத்தாம் நாள் நாமும் அந்த வரிசையில் சேருவோம்.

சரி, நேபாளமே கூடாதா? அங்குள்ள ஒரு சபை தானாக அழைத்து, அவர்களுடைய ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னால் போங்கள். பிள்ளைகளை அவர்கள் நடத்துவார்கள், நாம் பின்வரிசையில் பேப்பர் வெட்டிக் கொடுப்போம். போட்டோவுக்கு உதவாது என்பதால் இந்த ஏற்பாட்டுக்கு ஆள் சேருவதில்லை!

ஆப்பிரிக்கா

அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கென்யா, உகாண்டா போன்ற நாடுகளுக்குப் போய்வர மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். பெரிய பிள்ளைகளிடம் ஆங்கிலம் ஓடும், சின்னதுகளிடம் ஓடாது. ஒரு குழுவின் விமானச் செலவை எண்ணிப் பார்த்தால், அங்குள்ள உள்ளூர் ஆசிரியர் ஒருவருக்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுக்கலாம் என்ற கணக்கு வந்து நிற்கும். டாக்டர், பிசியோதெரபிஸ்ட் என்று கையில் ஒரு தொழிலோடு போகிறவர்கள் தவிர மற்றவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இலங்கை மலையகம்

வெளிநாடு போயே ஆக வேண்டும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான், நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு. மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் உண்டு. போய் இறங்கினால் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள். இது சாதாரண வசதி இல்லை. ஒரு பிள்ளை வயிறு வலிக்கிறது என்றாலும், அண்ணன் அடிக்கிறான் என்றாலும், “இந்தக் கதை நேத்தே சொன்னீங்க” என்றாலும் நமக்குப் புரியும். மொழிபெயர்ப்பாளர் வழியாக இந்த மூன்றும் வந்து சேராது.

பழைய தொடர்பும் இருக்கிறது. 1850-களில் சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனெரி சங்கம் கண்டிப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் மத்தியில் வேலை தொடங்கியபோது, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் அங்கே போனார்கள்.

இப்போது அங்கே என்ன தேவை? அம்மாக்கள் காலையிலேயே கொழுந்து பறிக்க மலை ஏறிவிடுகிறார்கள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளை மடுவம் உண்டு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மதியம் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வந்தால், அம்மா கொழுந்தை எடைபோட்டுவிட்டுத் திரும்பும் சாயங்காலம் வரை தனியாகத்தான் இருக்கின்றன. அந்த இடைவெளியில் பாடம் சொல்லிக் கொடுக்கும் சபைகள் இருக்கின்றன. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் (ஸ்காலர்ஷிப்) பரீட்சை அங்கே வீட்டுக்கு வீடு பேச்சு. பத்து வயசுப் பிள்ளைக்குப் பின்ன எண்களைப் புரிய வைத்துவிட்டால் அந்த அம்மா உங்களை மறக்க மாட்டாள். பாட்டும் கதையும் அதற்குப் பிறகு தானாக வரும்.

எச்சரிக்கைகளும் உண்டு. தோட்டத்துக் குடும்பங்களில் பெரும்பாலோர் இந்துக்கள். பெற்றோருக்குத் தெரியாமல், அவர்கள் சம்மதம் இல்லாமல் பிள்ளையை உட்கார வைத்து ஜெபம் சொல்லிக் கொடுப்பது சட்டம் இருக்கட்டும், மரியாதையே இல்லை. சுற்றுலா விசாவில் போய்க்கொண்டு ஊழியம் என்று பேனர் கட்டக் கூடாது. அழைக்கிற சபையே குடிவரவுத் துறையில் கேட்டு, என்ன விசா என்று எழுத்தில் சொல்லட்டும். அங்கே பள்ளி விடுமுறை ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில். நம் மே மாதக் கணக்கு செல்லாது. கடைசியாக, பழைய துணி மூட்டை. தயவு செய்து வேண்டாம். ஏழைச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற தோரணையில் நம்மவர்கள் போய் இறங்கியதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

வட இந்தியப் பணித்தளம்

இது வெளிநாடு இல்லை என்பதாலேயே வாலிபர்களிடம் எடுபடுவதில்லை. ஆனால் என் இரண்டாவது கேள்விக்கு இதுதான் முதல் மார்க் வாங்கும். 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கமும், அதன் பின் வந்தவையும், நம் வீடுகளில் சமைக்கும்போது எடுத்துவைத்த கைப்பிடி அரிசியிலும் காணிக்கையிலும் வளர்ந்தவை. பணித்தளத்தில் ஒரு குடும்பம் வருஷக்கணக்கில் குடியிருக்கிறது. நாம் வந்தாலும் போனாலும் பிள்ளைகளுக்கு ஆள் இருக்கிறது.

மொழியில் தோற்றுப்போவோம். ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலையில் மால்தோ பழங்குடிப் பிள்ளைகளுக்கு இந்தியே இரண்டாம் மொழி. நம் இந்தியோ சொல்லவே வேண்டாம். அங்கே மலேரியா உண்டு. 2017 முதல் மதமாற்றத் தடைச் சட்டமும் உண்டு. ஆகவே அங்கே போகிறவர் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி நடத்தப் போகக் கூடாது. விடுதிக் கணக்கை ஒழுங்குபடுத்தலாம், சோலார் விளக்கைச் சரிபார்க்கலாம், மிஷனெரியின் மனைவி இரண்டு நாள் சமையலறையை விட்டு வெளியே வர வழி பண்ணலாம். இப்படிச் சொன்னால் பாதிப்பேர் வரிசையிலிருந்து விலகிவிடுவார்கள். மீதிப்பேர்தான் நமக்கு வேண்டியவர்கள்.

இந்த விஷயத்தில் திருநெல்வேலிக்காரனுக்குத் தனிப் பொறுப்பு உண்டு என்று நினைக்கிறேன். அடுத்தவர் வந்து பார்த்த பிள்ளைகளாக ஒரு காலத்தில் இருந்தவர்கள் நாம்தான். டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த அயர்லாந்து மிஷனெரி ஏமி கார்மைக்கேல் முதலில் உட்கார்ந்து தமிழ் படித்தார். 1895-இல் இந்தியா வந்தவர் 1951-இல் சாகும்வரை ஊர் திரும்பவில்லை. அப்படி எல்லோராலும் முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான அசரியா 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனெரிகளைப் பார்த்து, தியாகம் செய்தீர்கள், எல்லாம் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். இன்று நாம் டிக்கெட் போட்டுக் கிளம்பும்போது அந்தப் பேச்சு நம்மைப் பார்த்துத் திரும்புகிறது.

சொந்த மாவட்டம்

இதற்கு விசா இல்லை, ஊசி இல்லை, போட்டோவில் பனிமலையும் இல்லை. முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற வீடுகளின் பிள்ளைகள் இருக்கிறார்கள். சூளைக்கும் கட்டட வேலைக்கும் வந்திருக்கும் ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளிநாட்டு அனுபவம் வேண்டும் என்பவருக்கு மொழி தெரியாத பிள்ளைகள் பஸ் போகிற தூரத்திலேயே கிடைப்பார்கள். வாரம் ஒரு நாள், வருஷம் முழுக்கப் போகலாம். குறை என்னவென்றால் மூன்றாவது வாரம் ஆள் குறையும். பத்து நாள் வெளிநாட்டுக்கு லீவு போடுகிறவன் சனிக்கிழமை கிரிக்கெட்டை விட மாட்டான்.

எங்கே போனாலும் மாறாத சில ஏற்பாடுகள் உண்டு. பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இருவர். முகம் தெரியும் படம் ஸ்டேட்டஸில் போகக் கூடாது. வெளிநாடு போகிறவர்கள் காவல்துறைச் சான்று வாங்கட்டும். ஏற்பாட்டாளர் அதைக் கேட்கவே இல்லையென்றால், உங்களுக்கு முன் போனவர்களிடமும் கேட்டிருக்க மாட்டார் என்று அர்த்தம். உள்நாட்டில் இல்லம் என்று சொன்னால், 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். போக்சோ பற்றி ஒரு மணி நேரமாவது வகுப்பு எடுக்காமல் எந்தக் குழுவும் புறப்படக் கூடாது.

இந்த வருஷம் கேட்ட பிள்ளைகளுக்கு நான் சொன்ன வரிசை இதுதான்: முதலில் சூளை, ஆறு மாதம் விடாமல். அதில் நிலைத்தவர்களை ஆகஸ்ட் விடுமுறைக்கு மலையகத்துக்கு அனுப்பச் சேகர குருவானவரிடம் பேசலாம். மழை தொடங்கினால் சூளைக் குடும்பங்கள் ஊர் திரும்பிவிடும் என்பதால் தை மாதமே ஆரம்பிக்க வேண்டும். ஒடியா தெரிந்த ஆள் ஒருவரை இப்போதே தேடிக்கொண்டிருக்கிறோம்.